நின்றால்தான் எடை தெரியும்

மருத்துவமனை ஒவ்வொன்றும், அதைக் கட்டியவர்களும் நடத்துபவர்களும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட நோயாளியை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. அந்த நோயாளி ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் அரைமணி நேரம் நிற்கக்கூடியவர். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் அவருக்குக் காதில் விழும். எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இரும்புப் படியில் கால் வைத்துப் பரிசோதனை மேசையில் ஏறிப் படுப்பார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டால் வாய்திறந்து சொல்வார். இந்த ஐந்தில் ஒன்று இயலாதவர் வாசலுக்கு வந்துவிட்டால், அவருடைய நோயைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய வருகை ஒரு சிக்கலாகிவிடுகிறது. அந்தச் சிக்கல் அவருடைய உடலில் இருப்பதாகவே அங்குள்ள அனைவரும் எடுத்துக்கொள்கின்றனர். மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவமனைப் பராமரிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் சாய்தளத்தில் தொடங்கிச் சாய்தளத்திலேயே முடிந்துபோவதற்கும், நோயாளியைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நடந்துவிடும் என்ற எண்ணமே காரணம். அந்தச் சாய்தளங்களிலும் பல, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் கட்டப்படாமல், சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு மூச்சுவாங்கும் செங்குத்தாக எழும்பி, அடியில் இருசக்கர வண்டிகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

உலகச் சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையுடனோ மனநலம், அறிவுத்திறன் சார்ந்த குறைபாட்டுடனோ வாழ்வதாக மதிப்பிட்டதுடன், அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகின்றனர் என்றும் குறிப்பிட்டது. இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இத்தகையோரை 2.68 கோடி என்று, அதாவது மக்கள்தொகையில் 2.21 சதவீதம் என்றே காட்டியது. இரண்டுக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளியில், கேள்வி எவ்வாறு கேட்கப்பட்டது, யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற வரையறை வேறுபாட்டுக்கும் பங்குண்டு. முன்னதாக நேரும் இறப்புகள் எல்லாவற்றுக்கும் குறைபாடே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவற்றில் ஒரு பகுதி, வேறொருவருக்கு வந்திருந்தால் உரிய காலத்தில் கண்டறியப்பட்டுக் குணமாகியிருக்கக்கூடிய சாதாரண நோய்களால் நேர்ந்தவை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அதன் எல்லாப் பகுதிகளும் தடையற்றவையாக இருக்க வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதிலும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறுகிறது. ‘எல்லாப் பகுதிகளும்’ என்ற சொல்லின் பொருள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, மருத்துவமனையின் மிக எளிய கருவியான எடை பார்க்கும் கருவியைக் கொண்டே காட்டலாம்.

எடை என்பது அட்டையில் நிரப்பப்படும் வெறும் எண்ணாகத் தோன்றினாலும், மயக்க மருந்தின் அளவு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்துகளின் அளவு, புற்றுநோய் மருந்துகளின் அளவு ஆகியவை அந்த எண்ணைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் உடலில் நீர் கோத்திருக்கிறதா என்பதை அன்றாட எடையே முதலில் சொல்லிவிடுகிறது. ஆயினும் பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள கருவி, அதன்மேல் ஏறி நிற்பவருக்கு மட்டுமே எடை காட்டும். சக்கர நாற்காலியில் வருபவரிடம், “எடை எவ்வளவுங்க இருக்கும்?” என்று கேட்டு அவர் சொல்லும் பழைய எண்ணையோ, செவிலியர் கண்ணால் பார்த்து மதிப்பிட்டதையோ எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. முதுகுத் தண்டுவடம் அடிபட்டவரின் கால் தசைகள் மெலிந்து, வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதால் கண் மதிப்பீடு அவரிடம் எளிதில் தவறும். தீர்வோ நெல் ஏற்றிய லாரியை எடைமேடையில் நிறுத்தி, வெறும் லாரியின் எடையைக் கழித்துக்கொள்ளும் வணிகர்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான்: தரையோடு தாழ்ந்த ஓர் எடைப்பலகையில் நாற்காலியோடு நோயாளியை ஏற்றி, பிறகு நாற்காலியை மட்டும் நிறுத்துக் கழித்துவிடலாம். நெல்லுக்குக் கிடைத்த இந்த வசதி நோயாளிக்குக் கிடைக்க இத்தனை காலம் ஆனதற்குத் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல வழியில்லை.

பரிசோதனை மேசையின் கதையும் இதுவே. இடுப்புயரத்தில் இருக்கும் அந்த மேசைக்கு மாற இயலாதவரை நாற்காலியில் அமர்ந்த நிலையிலேயே பார்த்து அனுப்புவதால், அவருடைய வயிற்றை முறையாக அழுத்திப் பார்ப்பதும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையும், எல்லாவற்றுக்கும் மேலாக முதுகையும் பின்புறத்தையும் கண்ணால் காண்பதும் விடுபட்டுப் போகின்றன. படுக்கைப்புண் தொடங்குவது அங்கேதான். அமெரிக்காவில் இத்தகைய கருவிகளுக்கான அளவுகளை வகுக்கும் அரசு வாரியம், நாற்காலியிலிருந்து நகர்ந்து அமரும் வகையில் மேசை 17 அங்குலம் வரை தாழ வேண்டும் என்று 2024-இல் முடிவு செய்தது. அதே ஆண்டில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை, தன்னிடம் நிதி பெறும் மருத்துவ நிலையங்கள், பரிசோதனை மேசையும் எடைக்கருவியும் பயன்படுத்துபவையாயின், 2026 ஜூலைக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக ஒவ்வொன்றிலும் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் விரிவான சட்டத்தை அந்த நாடு நிறைவேற்றியது 1990-இல். ஒரு மேசையும் ஒரு தராசும் சட்டத்தின் பின்னே நடந்து வந்து சேர 34 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கருவிகளை வாங்கிவிடலாம். அதைவிடக் கடினமானது மருத்துவரின் பார்வையில் விழும் ஒரு நிழலை அகற்றுவது. அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒருவருக்கு வேறொரு நோய் வரும்போது, அதன் அறிகுறிகளையும் பழைய குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் போக்கை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய குழுவினரும் 1982-இல் விவரித்து, குறைபாட்டின் நிழலில் நோய் மறைந்துபோவதைக் குறிக்கும் பெயர் ஒன்றையும் அதற்குச் சூட்டினர். பேச்சு வராத இளைஞர் ஒருவர் திடீரெனத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினால், அது சொத்தைப் பல்லாக இருக்கலாம், காதில் சீழ் பிடித்திருக்கலாம், பல நாள் மலச்சிக்கலாக இருக்கலாம், நெஞ்செரிச்சலாகவும் இருக்கலாம். “இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தான் செய்வாங்க” என்ற ஒரு வாக்கியம் இந்த நான்கையும் தேடாமலே மூடிவிடுகிறது. தேடாமல் கொடுக்கப்படும் தூக்க மருந்து வலியைச் சொல்லும் ஒரே மொழியையும் அடக்கிவிடுவதால், ஊருக்குத் தெரிவது அமைதி. உள்ளே வளர்வது நோய்.

இந்த நிழல் எத்தனை உயிர்களை வாங்குகிறது என்பதை மிக விரிவாக ஆராய்ந்த நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான மென்கேப் என்ற அமைப்பு, அரசு மருத்துவப் பராமரிப்பில் இருந்தபோது இறந்த ஆறு பேரின் வரலாறுகளை 2007-இல் வெளியிட்டதையடுத்து, ஜோனதன் மைக்கேல் தலைமையில் அமைந்த தனி விசாரணை 2008-இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாகப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்மேற்கு இங்கிலாந்தில் அறிவுத்திறன் குறைபாடுடையோர் 247 பேரின் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். பொதுமக்களோடு ஒப்பிடும்போது இவர்களில் ஆண்கள் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறந்திருந்தனர். தரமான மருத்துவம் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் பொதுமக்களிடையே 13 சதவீதமாக இருக்க, இவர்களிடையே 37 சதவீதமாக இருந்தன. பெரிய சிகிச்சை கிடைக்காமல் போனதைக் காட்டிலும், சோதனை தள்ளிப்போனதும், ஒரு துறை சொன்னதை இன்னொரு துறை கேளாததும், வீட்டார் சொன்னதை ஒருவரும் குறித்துக்கொள்ளாததும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே இறப்பில் முடிந்தன என்பதுதான் இத்தகைய விசாரணைகளை வாசிப்பவருக்கு எஞ்சும் எண்ணம்.

அங்கே பரவிய மாற்று ஏற்பாடுகளில் மிக மலிவானது, மருத்துவமனைக் கடவுச்சீட்டு என்று அழைக்கப்படும் சில பக்கத் தாள். நோயாளியும் வீட்டாரும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அனுமதிக்கப்படும் நாளில் கட்டிலருகே வைத்துவிடும் இந்தத் தாளில், போக்குவரத்து விளக்கைப் போல மூன்று நிறங்கள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. சிவப்புப் பகுதியில் மருத்துவர் கட்டாயம் அறிய வேண்டியவை, அதாவது ஒவ்வாமை, வலிப்பு, விழுங்கும்போது புரையேறுதல் போன்றவை இருக்கும். மஞ்சள் பகுதியில் இவர் எப்படிப் பேசுவார், வலித்தால் என்ன செய்வார், எழுந்து நடக்க எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பன இருக்கும். பச்சைப் பகுதி விருப்பு வெறுப்புகளுக்கானது. “வலி வந்தால் அழமாட்டான், பேச்சில்லாமல் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்” என்ற ஒரு வரி அத்தாளில் இருந்தால், இரவுப் பணிக்கு வரும் புதிய செவிலியர் அந்த அமைதியை நலம் என்று தவறாகப் படிக்கமாட்டார். இதோடு, அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் அங்குள்ள பல பொது மருத்துவமனைகளில் அமர்த்தப்பட்டு, எந்த வார்டில் இத்தகைய நோயாளி சேர்ந்தாலும் அங்கே சென்று இருதரப்புக்கும் இடையே நிற்கின்றனர்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அந்தத் தாளின் வேலையைச் செய்பவர் கூட இருப்பவர், பெரும்பாலும் தாய். மகன் எந்தக் குரலில் முனகினால் பசி, எந்தக் குரலில் முனகினால் வலி என்பது அவருக்குத் தெரியும். அவரையே மருந்து வாங்க, ரத்த மாதிரியை லேபில் கொடுக்க, ஸ்ட்ரெச்சரைத் தள்ள என்று நாள் முழுவதும் ஓடவிடும் மருத்துவமனை, ஸ்கேன் அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு ஆகியவற்றின் வாசலில் மட்டும், அதாவது அவருடைய அறிவு மிகவும் தேவைப்படும் இடத்தில், “அட்டெண்டர் வெளியே நில்லுங்க” என்று சொல்லிக் கதவை மூடிவிடுகிறது. மயக்கம் தொடங்கும்வரை தாயை உள்ளே இருக்கவிடுவதும், காத்திருக்க முடியாத பிள்ளைக்குக் காலையில் முதல் இடம் தருவதும் கட்டடம் எதையும் இடிக்காமல் செய்யக்கூடியவை. ஒருவரின் தேவைக்கேற்ப, நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமை ஏற்றாமல் வழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான இணக்க ஏற்பாடு என்ற பொருளில் வரையறுத்து, அதை மறுப்பதைப் பாகுபாட்டின் ஒரு வடிவமாகவே கருதுகிறது. இங்கிலாந்தின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, நோயாளி வந்து கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே யோசித்து வைக்கும் கடமையைச் சேவை நிறுவனத்தின்மேல் சுமத்துகிறது.

நோயாளியின் உடலை அறிந்த இந்த அறிவு பேச இயலாதவரிடம் மட்டும் இழக்கப்படுவதில்லை. நன்றாகப் பேசக்கூடியவரிடமும் இழக்கப்படுகிறது. மார்பு முதுகெலும்பின் ஆறாம் எலும்பு அளவிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்க் குழாய் மடங்கி அடைபட்டாலே ரத்த அழுத்தம் விறுவிறுவென ஏறும் ஓர் அபாய நிலை உண்டு. அடிபட்ட இடத்துக்குக் கீழே நிரம்பிய சிறுநீர்ப்பை அனுப்பும் செய்தி மூளையை முறையாகச் சென்றடையாமல், கீழ்ப்பகுதியின் ரத்தக் குழாய்களை மட்டும் இறுக்கிவிடுவதால், அடக்கும் கட்டளை மூளையிலிருந்து கீழே இறங்க வழியின்றி, தலைவலியும் முகச்சிவப்பும் வியர்வையும் தோன்றுகின்றன. இவர்களுடைய வழக்கமான மேல் ரத்த அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும் என்பதால், அவசரப் பிரிவில் 140 என்று காட்டும் கருவியைப் பார்த்து “கொஞ்சம் அதிகம்” என்று நகர்ந்துவிடும் பயிற்சி மருத்துவர், பக்கவாதத்தில் முடியக்கூடிய ஒன்றைக் கைவிட்டுச் செல்கிறார். தலைவலிக்காரரைப் படுக்கவைக்கும் இயல்பான பழக்கமும் இங்கே கேடு செய்யும். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிசெய்தாலே அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற தண்டுவட நோயாளிகள் பலருக்கு இது மனப்பாடம். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்போது கேட்பதற்குக் காது வேண்டும்.

நோயாளியின் அறிவு மருத்துவரின் அறிவோடு ஒரே உடலில் சேர்ந்த அரிய வரலாறு வேலூருக்கு உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவரான மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவில் தன் உடலுக்கான மறுவாழ்வுப் பயிற்சியையும் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பையும் முடித்துத் திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். அங்கு 1966-இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் நாட்டின் முன்னோடி நிலையங்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் மருத்துவர் லுட்விக் குட்மன் தண்டுவட நோயாளிகளுக்கென நிலைநாட்டிய அடிப்படை விதிகளுள் ஒன்று, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது. அதற்கு முன் இத்தகைய நோயாளிகளைப் பெருமளவில் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும், காய்ச்சலுக்காகவோ எலும்பு முறிவுக்காகவோ பொது வார்டில் சேரும் தண்டுவட நோயாளி, வரும்போது இல்லாத புண்ணோடு வீடு திரும்பக்கூடும் என்பது மருத்துவ அறிவின் பற்றாக்குறையைக் காட்டிலும் இரவுப் பணியில் இருக்கும் கைகளின் பற்றாக்குறையையே சுட்டுகிறது.

காது கேளாதோரின் நிலை வேறு வகைப்பட்டது. எழுதிக் காட்டினால் போதும் என்று மருத்துவமனைகள் கருதினாலும், சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட தனி மொழியாதலால், அதையே முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழிதான். மருந்துச் சீட்டுத் தமிழோ மூன்றாம் மொழி. இந்தியச் சைகை மொழிக்கான ஆய்வு, பயிற்சி மையம் தில்லியில் அமைந்ததே 2015-இல்தான் என்பதால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் மிகக் குறைவு. விளைவாக, தாயின் கட்டி புற்றுநோயா என்பதைப் பத்து வயது மகள் சைகையில் சொல்ல வேண்டிய நிலை வருகிறது. காணொலி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வசதி கைப்பேசிக் காலத்தில் அரிதான ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நோயாளியிடம் பேசாமல் உடன் வந்தவரிடம் பேசும் பழக்கம் ஒப்புதலிலும் தொடர்கிறது. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான ஒப்புதல் இன்றிக் கருவைக் கலைப்பது, மிகக் கடுமையான குறைபாடுள்ளோருக்கு வகுக்கப்பட்ட விதிவிலக்கு நீங்கலாக, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதற்கு முன்பே 2009-இல், சண்டிகரில் அரசு விடுதியொன்றில் இருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடுடைய பெண்ணின் கருவைத் தொடரும் விருப்பத்தை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, இந்த வாழ்க்கை எவ்வளவு பெறுமதியுடையது என்பது பற்றிய ஓர் ஊகம். அமெரிக்காவில் 714 மருத்துவர்களிடம் லிசா ஐயெஸோனி என்ற ஆய்வாளரும் (இவரே நரம்பு நோயால் சக்கர நாற்காலி பயன்படுத்தும் மருத்துவ அறிஞர்) அவருடைய குழுவினரும் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் குறைபாடுள்ளோரின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தது என்று 82 சதவீதத்தினர் கருதினர். அவர்களுக்கும் மற்றவர்களுக்கு இணையான சிகிச்சை அளிக்க முடியும் என்ற உறுதியான நம்பிக்கை ஏறத்தாழ 41 சதவீதத்தினருக்கே இருந்தது. அதற்கு நேரெதிராக, கடும் குறைபாட்டுடன் வாழ்வோரிடமே கேட்டு 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கையை நன்று என்றோ மிக நன்று என்றோ கூறியிருந்தனர். இந்த முரண் வெறும் கருத்து வேறுபாடாக நின்றுவிடுவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது, தீவிர சிகிச்சைக்கு யாரைச் சேர்ப்பது என்பதற்காக இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட வழிகாட்டி, அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளும் முதுமைத் தளர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்தியது; பிறவியிலிருந்தே குளிக்கவும் உடுக்கவும் உதவி தேவைப்படும் இருபது வயது இளைஞரும் அதன்படி தளர்ந்த முதியவராகிவிடுவார் என்று எதிர்ப்பு எழுந்ததும், சில நாட்களிலேயே அது திருத்தப்பட்டது.

இந்தியாவில், 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான விதிகள் கட்டாயத்தன்மை இல்லாத வெறும் வழிகாட்டிகளாக இருப்பது சட்டத்துக்கு முரணானது என்று கூறி, மீற முடியாத விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத கால அவகாசம் அளித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையையும் வலி தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டு செல்வதால், பேருந்தும் படிக்கட்டும் தடையாக இருந்த பலருக்கு அந்தப் பயணம் மிச்சமாகிறது. அந்த வீட்டுப் பணியாளர், கட்டிலில் இருப்பவரை எப்படித் தூக்குவது, எந்தக் கையில் ரத்தம் எடுப்பது, எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பதை வருகைக்கு வருகை கற்றுக்கொள்கிறார். அதே நோயாளி மறுநாள் நிமோனியாவோடு அரசு மருத்துவமனைக்கு வந்தால், அந்த அறிவு அவரோடு கூட வருவதற்கு ஓ.பி. சீட்டில் ஒரு வரி இடம்கூட இல்லை.

மாற்றுத்திறனாளியின் கையில் ஏற்கெனவே ஓர் அட்டை இருக்கிறது. நாடு முழுவதற்கும் பொதுவான அந்தத் தனித்துவ அடையாள அட்டையிலும், இங்கிலாந்துத் தாளைப் போலவே, மூன்று நிறங்கள் உண்டு: குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் என்றால் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் என்றால் நீலம். உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் எவர் தகுதியுடையவர் என்பதை அந்த நிறம் நொடியில் காட்டிவிடுகிறது. அவசரப் பிரிவில் அதை வாங்கிப் பார்க்கும் செவிலியருக்கு, நீல அட்டைக்காரரைக் கட்டிலுக்கு மாற்ற எந்தப் பக்கம் பிடிப்பது என்பது மட்டும் அதிலிருந்து தெரியவராது.